3,000 கோடி ரூபாய் கைமாறிய ஸ்ட்ரைக்கர்... லுகாகுவை ஏன் எந்த கிளப்பும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை?

2022 பிப்ரவரி 19. லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் அணியோடு செல்சி மோதியது. செல்சியின் ஸ்ட்ரைக்கர் ரொமேலு லுகாகு 90 நிமிடமும் மைதானத்தில் இருந்தார். அந்த 90 நிமிடத்தில் அவர் பந்தைத் தொட்டது மொத்தமே 7 தடவை. அதிலும் ஒன்று, ஆட்டத்தைத் தொடங்கி வைக்க நடு வட்டத்தில் தட்டிவிட்டது! 2003-04 சீசனிலிருந்து இருக்கும் கணக்குப்படி, பிரீமியர் லீக்கில் ஒரு முழு ஆட்டம் ஆடிய எந்த வீரரும் இவ்வளவு குறைவாகப் பந்தைத் தொட்டதில்லை.

சும்மா விடுமா இணையம்? வெச்சு செஞ்சுட்டாங்க. காரணம், அவருடைய விலை. அந்த ஆட்டத்துக்கு ஆறு மாதம் முன்புதான் 9.75 கோடி பவுண்டு கொடுத்து செல்சி அவரை வாங்கியிருந்தது. நம்ம காசுக்கு ஏறக்குறைய 1,000 கோடி ரூபாய். அதுவரை அந்த கிளப் எந்த வீரருக்கும் கொடுக்காத தொகை.

'காசுக்காக ஊர் ஊரா ஓடுறவர்', 'பெரிய மேட்ச்ல காணாமப்போறவர்', 'ஓவர்ரேட்டட்'. லுகாகு என்று தட்டினாலே இந்த மூன்றும் வந்து விழும். அவர் போன பாதையைப் பார்த்தால் முதல் குற்றச்சாட்டு சரி என்றுகூடத் தோன்றும். ஆண்டர்லெக்ட், செல்சி, வெஸ்ட் ப்ராம், எவர்ட்டன், மான்செஸ்டர் யுனைடெட், இன்டர் மிலன், மறுபடி செல்சி, மறுபடி இன்டர், ரோமா, நாப்போலி. இவரை வாங்க கிளப்கள் ஒன்றுக்கொன்று கொடுத்த பணத்தைக் கூட்டினால் 30 கோடி யூரோவைத் தாண்டும். ரூபாயில் 3,000 கோடிக்கு மேல். கால்பந்து வரலாற்றிலேயே இந்த அளவுக்குப் பணம் கைமாறிய வீரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால், இந்தப் பயணத்தில் எத்தனை முடிவுகளை லுகாகு எடுத்தார், எத்தனையை மற்றவர்கள் எடுத்தார்கள்? அதைப் பிரித்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுது.

18 வயதில் வாங்கி, வாடகைக்கு விட்டார்கள்

லுகாகு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் 1993-ல் பிறந்தவர். பெற்றோர் காங்கோவிலிருந்து வந்தவர்கள். அப்பா ரோஜர் லுகாகுவும் தொழில்முறை கால்பந்து வீரர்தான். ஆனால், அப்பாவின் ஆட்டக்காலம் முடிந்ததும் வீட்டில் காசு வற்றிவிட்டது. பாலில் அம்மா தண்ணீர் கலந்ததைப் பார்த்த அன்றுதான், குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஆறு வயது லுகாகுவுக்குப் புரிந்ததாம். மின்சாரம் இல்லாத நாள்கள், வீட்டில் ஓடும் எலிகள் என்று அந்தக் காலத்தைப் பற்றி 2018-ல் அவரே விரிவாக எழுதினார். 16 வயதில் ஆண்டர்லெக்ட் அணிக்கு ஆடிக் காட்டுகிறேன் என்று சின்ன வயதிலேயே சபதம் போட்டவர், 16-வது பிறந்தநாள் முடிந்து 11 நாளில் அந்த அணிக்குக் களமிறங்கினார். அடுத்த சீசனில் 15 கோல். பெல்ஜியம் லீக்கில் அந்த வருடம் அதிக கோல் அடித்தவர், ஸ்கூல் படிக்கிற வயதுப் பையன்!

2011-ல் செல்சி அவரை வாங்கியது. அப்போது அவருக்கு 18 வயது. முதல் சீசனில் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தார். அந்த வருடம் செல்சி சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தபோது, ஆடாத கோப்பை தன்னுடையதல்ல என்று சொல்லி அதைக் கையில் தூக்கவே மறுத்துவிட்டார். வீம்புக்காரர்தான், மறுப்பதற்கில்லை.

அடுத்த சீசனில் வெஸ்ட் ப்ராம் அணிக்கு லோன். லீக்கில் 17 கோல். சர் அலெக்ஸ் ஃபெர்குசன் மேனேஜராக நின்ற கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கா? 5-5 என்று முடிந்ததே, அதில் இடைவேளைக்குப் பிறகு உள்ளே வந்து ஹாட்ரிக் அடித்தவர் இவர்தான். அதற்கடுத்த சீசனில் எவர்ட்டனுக்கு லோன். 15 கோல். இந்த இரண்டு சீசனிலும் செல்சி அணிக்காக ஆடிய எந்த வீரரும் லீக்கில் லுகாகு அளவுக்கு கோல் அடிக்கவில்லை. முதல் சீசனில் லாம்பார்டு 15, அடுத்த சீசனில் ஹசார்டு 14. அதாவது, அந்த கிளப்பின் சிறந்த கோல் அடிப்பவர், வேறு சட்டையில் ஆடிக்கொண்டிருந்தார்.

செல்சி அந்தக் காலத்தில் இதை ஒரு தொழிலாகவே நடத்தியது. இளம் வீரர்களைக் கொத்தாக வாங்குவது, நாலா பக்கமும் லோனில் அனுப்புவது, விலை ஏறியதும் விற்பது. இந்தப் பழக்கம் பல கிளப்களுக்கும் பரவியதில், 2022-ல் ஃபிஃபாவே விதி போட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. 2014-ல் லுகாகுவை எவர்ட்டனுக்கு 2.8 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். செல்சிக்கு நல்ல லாபம்.

எவர்ட்டனில் நிலையாக உட்கார்ந்தார். 2016-17 சீசனில் லீக்கில் மட்டும் 25 கோல். பிறகு 2017-ல் 7.5 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட். அங்கே 96 ஆட்டங்களில் 42 கோல். மோசமா? இல்லை. ஆனால், அங்கேதான் 'கனமா இருக்கார்', 'ஃபர்ஸ்ட் டச் சரியில்லை' என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது. ஃபர்ஸ்ட் டச் பற்றிய விமர்சனம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. பந்து அவர் காலில் பட்டு இரண்டடி தள்ளி ஓடுவதைப் பல தடவை பார்த்தாச்சு. கேள்வி அதுவல்ல. ஒரு ஸ்ட்ரைக்கரை எதை வைத்து அளக்கிறோம் என்பது.

தொடாமலேயே அடித்த கோல்

2018 உலகக் கோப்பை. ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் பெல்ஜியமும் ஜப்பானும் மோதிய நாக்-அவுட் ஆட்டம். 0-2 எனப் பின்தங்கிய பெல்ஜியம் 2-2 எனச் சமன் செய்துவிட்டது. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. ஜப்பானின் கார்னர் கிக்கை கோல் கீப்பர் கோர்ட்டுவா பிடித்து, டி ப்ரய்னிடம் உருட்டிவிடுகிறார். அவர் மைதானத்தின் நடுவில் பாய்கிறார்.

இப்போது லுகாகுவை மட்டும் பாருங்கள். யூடியூப்பில் இருக்கிறது, ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அவர் நேராக கோலை நோக்கி ஓடவில்லை. குறுக்கே ஓடி, ஒரு தடுப்பாட்டக்காரரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறார். அந்த இழுப்பில் வலது ஓரம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தில் மூனியே பந்தை வாங்குகிறார். அவர் தரையோடு குறுக்கே அனுப்பும் பந்து, அதற்குள் நடுப்பகுதிக்கு வந்துவிட்ட லுகாகுவின் காலடிக்கே வருகிறது. உலகக் கோப்பையில், கடைசி விநாடியில், கோல் முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர் என்ன செய்வார்? லுகாகு காலை விலக்கிப் பந்தைப் போகவிட்டார். பின்னால் வந்த சாட்லி தட்டி உள்ளே விட்டார். 3-2.

லுகாகு பந்தைத் தொடவே இல்லை. அந்தக் கோலின் கணக்கில் அவருக்குப் பூஜ்ஜியம். கோல் இல்லை, அசிஸ்ட் இல்லை, ஒரு டச் கூட இல்லை. அந்தக் கோலை உண்டாக்கியதில் டி ப்ரய்னுக்கு அடுத்த பங்கு அவருடையது என்பேன்.

7 டச் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். தாமஸ் டுக்கல் நடத்திய செல்சி, பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பொறுமையாக நகர்த்துகிற அணி. முன்வரிசையில் இருப்பவர்கள் இடம் மாறிக்கொண்டே, பந்து பறிபோன நொடியில் எதிரணியை நெருக்கவும் வேண்டும். லுகாகுவின் பலம் வேறு. முன்னால் காலியாகக் கிடக்கும் நிலத்தில் ஓடுவது. அல்லது ஒரு தடுப்பாட்டக்காரரை முதுகில் சாய்த்துக்கொண்டு பந்தைத் தாங்கி, கூட ஓடிவரும் ஆளுக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் பக்கத்தில் இன்னொரு ஸ்ட்ரைக்கர் இருந்தால் ரொம்ப நல்லது. இன்டரில் கோச் அன்டோனியோ கான்ட்டே கொடுத்தது அதைத்தான். பக்கத்தில் லௌட்டாரோ மார்ட்டினெஸ், எதிரணி ஏறி வந்ததும் சட்டென்று முன்னால் போகும் நீள பாஸ். இருவரையும் சேர்த்து 'லு-லா' என்றே ரசிகர்கள் கூப்பிட்டார்கள். 2020-21 சீசனில் லுகாகு 24 லீக் கோல், இன்டர் 2010-க்குப் பிறகு முதல் முறையாக இத்தாலி சாம்பியன், சீரி ஆ-வின் சிறந்த வீரர் விருது லுகாகுவுக்கு.

அந்த அணியிலிருந்து அவரை 1,000 கோடிக்கு வாங்கிய செல்சி, அந்த ஆட்டமுறையை வாங்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள பெரிய கால்பந்து அறிவு வேண்டாம். லாரி ஓட்டுவதில் மன்னனான ஒருவரை அழைத்து வந்து, தி.நகர் சந்துக்குள் ஆட்டோ ஓட்டச் சொன்ன மாதிரி.

அவர் சொதப்பிய இடங்கள்

இதற்காக லுகாகுவை அப்பாவியாக்கவும் முடியாது. 2021 டிசம்பர் கடைசியில் ஓர் இத்தாலிய டிவி பேட்டி வெளியானது. செல்சியில் தன் நிலைமை மகிழ்ச்சியாக இல்லை, என்றாவது இன்டருக்குத் திரும்புவேன் என்கிற ரீதியில் பேசியிருந்தார். புது கிளப்புக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை! லிவர்பூலுக்கு எதிரான பெரிய ஆட்டத்தில் டுக்கல் அவரைச் சேர்க்கவில்லை. பிறகு வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். அந்த சீசன் முடியும்போது லீக்கில் 8 கோல்தான்.

2022-ல் லோனில் இன்டருக்கே திரும்பினார். காயங்களோடு மல்லுக்கட்டிய வருடம் அது. கத்தார் உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக அடுத்தடுத்து வாய்ப்புகளை வீணடித்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் பெஞ்ச் கூண்டின் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். பெல்ஜியம் வெளியேறியது. 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, கோலை நோக்கிப் போன சக வீரர் டிமார்கோவின் தலையடி இவர் மேலேயே பட்டுத் திரும்பியது. கடைசி நேரத்தில் இவர் அடித்த தலையடியை எடெர்சன் தடுத்தார். 0-1. 'பெரிய மேட்ச்ல காணோம்' என்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே கோடையில் இன்டர் அவரை நிரந்தரமாக வாங்கப் பேசிக்கொண்டிருந்தபோது, பரம எதிரியான ஜுவென்டஸோடும் பேச்சு நடப்பதாகச் செய்திகள் வந்தன. இன்டர் கடுப்பாகிப் பின்வாங்கியது. அவர் ரோமாவுக்கு லோனில் போனார். அந்த அக்டோபரில் ரோமா சட்டையோடு இன்டரின் மைதானத்துக்கு வந்தபோது, அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஊத 50,000 விசில் விநியோகிக்க ரசிகர் குழு திட்டம் போட்டது. நம்ம ஊரில் விசில் என்றால் கொண்டாட்டம். அங்கே அது வசவு. அதிகாரிகள் விநியோகத்தைத் தடுத்தார்கள். ஆனாலும் சத்தம் நிற்கவில்லை.

ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. 'இன்டர்தான் என் வீடு' என்ற தொனியில் பேசிவிட்டு இன்னொரு கதவைத் தட்டுவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வீடு எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-ல் இன்டருக்கு வந்த புதிதில், கலியரி நகரில் பெனால்டி அடிக்கப்போன லுகாகுவைப் பார்த்து எதிரணி ரசிகர்கள் குரங்கு போலக் கத்தினார்கள். அடுத்த சில நாளில் இன்டரின் தீவிர ரசிகர் குழு ஒரு திறந்த கடிதம் வெளியிட்டது. லுகாகுவுக்கு ஆதரவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அது இனவெறி இல்லை, எதிரணியைப் பதற்றப்படுத்தும் வழக்கம்தான் என்று லுகாகுவுக்கே விளக்கம் சொல்லியிருந்தார்கள். கலியரி கிளப்புக்கு லீக் எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை.

2023 ஏப்ரலில் ஜுவென்டஸ் மைதானத்தில் அதே கதை. வசவுகளுக்கு நடுவே 95-வது நிமிடத்தில் பெனால்டியை கோலாக்கி, உதட்டில் விரல் வைத்து நின்றார். நடுவர் தண்டித்தது யாரைத் தெரியுமா? லுகாகுவை. இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியே போ! பிறகு இத்தாலிய கால்பந்து சம்மேளனத்தின் தலைவரே தலையிட்டு அவருக்கான தடையை ரத்து செய்தார். ஜெயித்தால் 'பெல்ஜிய வீரர்', சொதப்பினால் 'காங்கோ வம்சாவளி பெல்ஜிய வீரர்' என்று பத்திரிகைகள் தன்னைக் குறிப்பிடுவதாக அவர் முன்பே எழுதியிருந்தார். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கும்போது, அது ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாதில்லையா?

சரி, ஏன் லோன் மேல லோன்?

இதற்கான பதில் மைதானத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நாம கார் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் கழிப்போமே, கிளப்களும் வீரர்களை அப்படித்தான் எழுதுகின்றன. 9.75 கோடி பவுண்டு, 5 வருட ஒப்பந்தம் என்றால், வருடத்துக்கு 1.95 கோடி செலவாக எழுதுவார்கள். ஒரு வருடம் முடிந்தால் புத்தகத்தில் லுகாகுவின் மதிப்பு 7.8 கோடி. 2022-ல் அவரை 4 கோடிக்கு விற்றிருந்தால், அந்த வருடக் கணக்கிலேயே 3.8 கோடி பவுண்டு நஷ்டம் என்று காட்ட வேண்டும். வருமானத்துக்கும் செலவுக்கும் விதிகள் இருக்கும் லீக்கில் அது ஆபத்து. லோனில் அனுப்பினால் நஷ்டத்தை எழுத வேண்டாம், சம்பளச் சுமை குறையும், புத்தக மதிப்பும் தானாகத் தேயும். மூன்று வருடம் முடிந்தபோது அது 3.9 கோடி பவுண்டாகிவிட்டது. 2024-ல் நாப்போலி சுமார் 3 கோடி யூரோ கொடுக்க முன்வந்தபோது, விற்பது தாங்கக்கூடிய விஷயமாகியிருந்தது.

ஆக, 29-லிருந்து 31 வயது வரை, ஒரு ஸ்ட்ரைக்கரின் அருமையான வருடங்களில், லுகாகு வருடத்துக்கு ஒரு வாடகை வீட்டில் இருந்ததில் அவருடைய பேட்டிக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு செல்சியின் கணக்காளருக்கும் உண்டு. ஐ.பி.எல் ஏலத்தில் ஒரு வீரர் அணி மாறினால் அவரை யாரும் துரோகி என்பதில்லை. ஏலம் நம் கண் முன்னால் டிவியில் நடக்கிறது. கால்பந்தில் அது மூடிய அறைக்குள் நடப்பதால், வெளியே தெரிவது வீரரின் முகம் மட்டும்தான்.

இந்தப் பணத்தில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒரு வீரர் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, அந்தத் தொகையில் 5 சதவிகிதத்தை, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. லுகாகு கடல் தாண்டும்போதெல்லாம் அவரைச் சிறுவனாகப் பார்த்த பெல்ஜியம் கிளப்களுக்கு மணியார்டர் வந்துகொண்டே இருந்திருக்கிறது!

விற்க முடியாத சட்டை

மாறாத ஒரே சட்டை பெல்ஜியத்துடையது. 2010-ல் 16 வயதில் முதல் ஆட்டம். பெல்ஜியத்துக்காக ஒருவர் அடித்த அதிகபட்ச கோல் பல காலமாக 30 என்று இருந்தது. லுகாகு அதை 24 வயதிலேயே தாண்டினார். இப்போது எண்ணிக்கை 85-ஐத் தாண்டி நிற்கிறது. 2024 யூரோ தொடருக்கான தகுதிச் சுற்றில் மட்டும் 14 கோல். ஆனால் அந்த யூரோவுக்குப் போய் அவர் அடித்த மூன்று கோல்களையும் வீடியோ பார்த்து ரத்து செய்தார்கள். இதுவும் அவருக்குத்தான் நடக்கும். மீம் போட்டவர்கள் பிஸியாகவே இருந்தார்கள்.

அந்தக் கோடை முடிந்ததும் நாப்போலி. அங்கே கோச் யார்? அதே கான்ட்டே. முந்தைய சீசனில் 10-வது இடத்தில் முடித்த அணி அது. லுகாகு 14 லீக் கோல் அடித்தார், 10 கோல்களுக்கு உதவினார். அந்த 10-ஐக் கவனியுங்கள். முதுகைக் கொடுத்து, பந்தைத் தாங்கி, மற்றவர்களை ஓடவிட்ட ஆட்டம் அது. அதிகம் பலனடைந்தவர்களில் ஒருவர் ஸ்காட் மெக்டாமினே. அவரும் மான்செஸ்டர் யுனைடெட் வேண்டாம் என்று விற்ற ஆள்தான்.

2025 மே 23. சாம்பியன் பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டம் நாப்போலியின் சொந்த மைதானத்தில். முதல் கோல் மெக்டாமினே. இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில், தடுக்க வந்தவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடி இரண்டாவது கோலை லுகாகு அடித்தார். 2-0, நாப்போலி சாம்பியன். எதிரணி எது தெரியுமா? கலியரி.

கதை அங்கேயே நின்றிருந்தால் சினிமா. அடுத்த சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்து, பல மாதம் வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அந்த செப்டம்பரில் அப்பா ரோஜர் இறந்துபோனார். காயம் உறுதியான சில நாள்களிலேயே நாப்போலி இன்னொரு ஸ்ட்ரைக்கரைப் பிடித்துவிட்டது. 22 வயது டென்மார்க் பையன் ராஸ்மஸ் ஹோய்லண்ட். இரண்டு வருடம் முன்பு பெரிய விலை கொடுத்து வாங்கி, சரிப்படவில்லை என்று அனுப்பிய கிளப் மான்செஸ்டர் யுனைடெட். வந்தது லோனில்.